வாங் பாவோச்சியாங் வெறும் காமெடி நடிகர்தானா? எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கடைசிவரிசை:
'டிடெக்டிவ் சைனாடவுன்' முதல் பாகத்தை நேற்றுதான் பார்த்தேன். திக்கித் திக்கிப் பேசும் பையனாக வரும் லியூ ஹாவ்ரனைப் பிடித்திருந்தது. கூடவே வரும் தூரத்து மாமா டாங் ரென்தான் தாங்க முடியவில்லை. தங்கப்பல், சுருட்டை முடி, வாயைத் திறந்தால் கத்தல். அந்த வேடத்தில் நடித்த வாங் பாவோச்சியாங் சீனாவில் பெரிய நடிகர் என்று நண்பன் ஒருவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறான். நிஜமாகவா? அவரை நம்பி இன்னும் ஒரு படம் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

இரவுக்காட்சி:
உங்கள் நண்பன் சொன்னது சரி. நீங்கள்தான் தப்பான வாசல் வழியாக உள்ளே போய்விட்டீர்கள்.

ஹெபெய் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன் அவர். ஜெட் லீ படத்தைப் பார்த்துவிட்டு எட்டு வயதில் ஷாவோலின் கோயிலுக்குப் போய் ஆறு வருடம் குங்ஃபூ கற்றார். அதன் பிறகு பதின்ம வயதில், கையில் ஒன்றுமில்லாமல், பெய்ஜிங் ஃபிலிம் ஸ்டுடியோ வாசலுக்கு வந்து, தினமும் காலையில் 'இன்றைக்கு இத்தனை பேர் வேண்டும்' என்று யாராவது வந்து சொல்வார்களா எனக் காத்திருந்த துணை நடிகர் கூட்டத்தோடு நின்றார், வேலை இல்லாத நாளில் கட்டட வேலைக்கும் போனார். நடிப்புப் பள்ளிப் பக்கமே போனதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இயக்குநர் லீ யாங்குக்கு அந்த வாசலில் நின்ற முகம்தான் தேவைப்பட்டது.

2003இல் வந்த 'பிளைண்ட் ஷாஃப்ட்'. இரண்டு ஏமாற்றுக்காரர்கள் வேலை தேடி அலையும் ஆள் ஒருவனைச் சொந்தக்காரன் என்று சொல்லி நிலக்கரிச் சுரங்கத்தில் சேர்த்துவிடுவார்கள். உள்ளே வைத்துக் கொன்றுவிட்டு, விபத்து என்று சொல்லி முதலாளியிடம் இழப்பீடு வாங்கிக்கொள்வார்கள். அடுத்து அவர்கள் பிடிக்கும் ஆள், பள்ளிக் கட்டணம் இல்லாமல் படிப்பை விட்ட பதினாறு வயதுப் பையன். அதுதான் வாங். இந்தப் பையனைக் கொல்ல வேண்டுமா என்று கொலைகாரர்களில் ஒருவனுக்கே மனம் தடுமாறும், அதற்கு வசனம் எல்லாம் தேவைப்படவில்லை, அந்த முகமே போதுமாக இருந்தது. படம் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது வாங்கியது, வாங்குக்குத் தைவானின் கோல்டன் ஹார்ஸ் விழாவில் சிறந்த புதுமுக விருது. ஆனால் சீனத் திரையரங்குகளில் அந்தப் படம் வெளியாகவே இல்லை.

சப்டைட்டில்தாஸ்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் சீன மக்களுக்கு அவர் அந்தப் படத்தால் தெரியவந்தவர் இல்லை. 2004இல் இயக்குநர் ஃபெங் சியாவ்காங்கின் 'எ வேர்ல்ட் விதவுட் தீவ்ஸ்' வந்தது. ஆண்டி லாவ், ரெனே லியூ, கெ யோ என்று பெரிய தலைகள் நடுவில், சம்பாதித்த 60,000 யுவானைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறும், உலகத்தில் திருடனே கிடையாது என்று நம்பும் கிராமத்து ஆள் இவர். அப்புறம் 'சோல்ஜர்ஸ் சார்ட்டி' தொடர். அதில் புல்வெளி நடுவே யாருக்கும் வேண்டாத ஒரு படைப்பிரிவில் தள்ளப்பட்டு, மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, தனியாளாகக் கல் பொறுக்கிப் பாதை போடும் சிப்பாய் ஷூ சான்டுவோ. வீட்டுக்கு வீடு பேர் தெரியவைத்த வேடம் அதுதான்.

ஒரு உபரித் தகவல்: அந்தத் தொடரில் கூட நடித்த சென் சிசெங்தான் பின்னாளில் உங்களுக்குத் தலைவலி கொடுத்த 'டிடெக்டிவ் சைனாடவுன்' படத்தை இயக்கியவர். மூன்றாம் பாகம் 2021இல் ஒரே நாளில் நூறு கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. கத்தலுக்கும் ரசிகர்கள் உண்டு ஐயா.

மௌனப்படம்:
எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. வெகுளி, வெகுளி, மறுபடி வெகுளி. பத்து வருடம் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டார். 2012இல் 'லாஸ்ட் இன் தாய்லாந்து' 126 கோடி யுவானைத் தொட்டது, நூறு கோடியைத் தாண்டிய முதல் சீனப் படம் அதுதான், சரி. ஆனால் அதிலும் அதே ஆள்தானே?

அந்தச் சட்டையைக் கிழித்தவர் இயக்குநர் ஜியா ஜாங்கே. 'எ டச் ஆஃப் சின்' (2013) தொடக்கத்தில் மலைச்சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவனை மூன்று பேர் கோடாரியோடு மறிப்பார்கள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். சிகாகோ புல்ஸ் குல்லாய் போட்ட அந்த ஆள் வாங் பாவோச்சியாங். எப்போதும் சிரிக்கும் முகம் சிரிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைப் பாருங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

இரவுக்காட்சி:
@மௌனப்படம் ஒரே சட்டை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிவாங்கியதை அவர் மறைக்கவில்லை. 2017இல் முதல்முறை இயக்குநராகி எடுத்த 'படீஸ் இன் இந்தியா' மகா சொதப்பல். அடுத்த வருடம் மோசமான படங்களுக்குக் கொடுக்கும் 'தங்கத் துடைப்பம்' விருது அவருக்குக் கிடைத்தது. இந்த மாதிரி விருதுக்கு யாராவது போவார்களா? இவர் நேரில் போய் வாங்கிக்கொண்டு, பார்வையாளர்களிடம் மன்னிப்பும் கேட்டார். ஆதரவில்லாத சிறுவர்களைக் கூண்டுச் சண்டைக்குப் பழக்கும் ஒருவரின் கதையாக 2023இல் அவர் இயக்கிய 'நெவர் சே நெவர்' சுமார் 220 கோடி யுவான் வசூலித்தது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் எதைப் பற்றி எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்த படம்.

கடைசிவரிசை:
எல்லோருக்கும் நன்றி. 'பிளைண்ட் ஷாஃப்ட்' பார்த்துவிட்டேன். முடிவைச் சொல்லிக் கெடுக்கவில்லை, கடைசியில் அந்தப் பையன் நிமிர்ந்து பார்க்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நடந்தது அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று நாலு தடவை பார்த்தும் என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றியது?

மௌனப்படம்:
புரிந்திருக்கிறது. அதனால்தான் வாயே திறக்கவில்லை.

சப்டைட்டில்தாஸ்:
இல்லவே இல்லை. இதற்குத் தனித் திரி போடுங்கள், வருகிறேன்.