பலாலி வழியாகப் பறப்பவர்களுக்கு: பொதி, விசா, மாரி மழை

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வருவது ஏடிஆர் 72, சுழல்விசிறி விமானம். பெரிய ஜெட்டுகளுக்கு ஓடுபாதை போதாது. நீட்டுவதென்றால் 1990இல் போரினால் இந்தச் சுற்றுவட்டத்திலிருந்து இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனத்தின் காணிப் பிரச்சினை முன்னுக்கு வரும், வரத்தான் வேண்டும். வெயில் ஏறக் காற்று ஐதாகி, குறுகிய ஓடுபாதையில் தூக்கக்கூடிய எடையும் குறையும். ஆள் நிரம்பிய நாளில் முதலில் பின்தங்குவது கூடுதல் பொதிதான். கவுண்டரில் காசு கட்டிக் கூட்டலாம் என்று நம்ப வேண்டாம், டிக்கெட்டோடேயே எடையை வாங்குங்கள். மருந்தும் கலியாண உடுப்பும் கையோடு இருக்கட்டும்.

இருக்கை மாறச் சொன்னால் மாறிவிடுங்கள், அது எடைச் சமநிலைக்காக. ஏறும் கதவு வால் பக்கம் என்பதால் முழங்கால் வருத்தக்காரருக்குக் கடைசி வரிசைகளே வசதி.

•

கைப்பை பற்றியும் ஒன்று. இந்த விமானத்தின் மேல்தட்டு சிறியது. சில்லுப் பெட்டி உள்ளே போகாது, படியடியில் வாங்கிப் பொதி அறையில் போட்டுவிடுவார்கள். அதற்குள் பவர்பேங்க் இருந்தால் அந்த இடத்திலேயே வெளியே எடுக்க வேண்டும். லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் பொதி அறையில் அணைக்க ஆளில்லை. பற்றரி, நகை, கடவுச்சீட்டு மூன்றையும் தனிச் சிறு பையில் வையுங்கள். இந்தியப் பக்கம் மிளகாய்த்தூளைக் கைப்பையிலும், கொப்பரையைச் செக்-இன் பொதியிலும் விடமாட்டார்கள்.

பலாலி விமானப்படைத் தளமும்கூட. ஓடுபாதைப் பக்கம் படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் முன்னமே சொல்லிவையுங்கள்.

•

கனடா, ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் அதிகம் இடறும் இடம் சென்னை. இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்றால் குடிவரவு தாண்டி, பொதியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. 30 நாள் சுற்றுலா இ-விசாவில் இரண்டு நுழைவுதான். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, அதோடு சரி. ஒரே டிக்கெட்டாக எடுத்துப் பொதியைக் கடைசி இடம் வரை பதிந்தால் இந்தச் சுற்று இல்லை. புறப்படும் இடத்திலேயே பொதிச்சீட்டில் பலாலியின் குறியீடான ஜேஏஎஃப் (JAF) என்று இருக்கிறதா பாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் இலங்கையின் ஈடிஏ (ETA) என்ற இணையவழிப் பயண அனுமதியை முன்கூட்டியே எடுத்து அச்சிட்டு வைத்திருங்கள்.

•

இனி மாரி காலம். ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. இரண்டு பருவக்காற்றும் ஏறத்தாழ அதன் நீளவாக்கில் வீசுவதால் பக்கக்காற்றுத் தொல்லை குறைவு. தடுப்பது தாழ்ந்த மழை மேகம். விமானிக்கு ஓடுபாதை தெரியாவிட்டால் வட்டமடித்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிடுவார், அது சரியான முடிவு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னையிலிருந்து அன்றிரவே நீண்டதூர விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விடுங்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலையும் மாற்றுவழியாக எண்ண முடியாது, அதே மாதங்களில் கடலும் கொந்தளிக்கும். கட்டாயம் போயே ஆகவேண்டியவர்கள் கொழும்புக்குப் பறந்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றரைப் பேருந்திலோ ரயிலிலோ கடப்பதே வழி.