தனி வீட்டுக்குப் போன பிறகு பேச்சுக் குறைந்தவர்கள்: என்ன செய்யலாம்?

பெரட்டுக்களம்:
இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், இருந்த குடும்பங்கள் 7 பேர்ச் அளவுள்ள சிறு காணியில் கட்டிய தனி வீடுகளுக்குப் போய்விட்டன. நல்ல வீடுகள்தான். ஆனால் வேலையிலிருந்து நின்ற அம்மாமார் சிலர் வெளியே வருவதே இல்லை. பேச்சும் சாப்பாடும் குறைந்துவிட்டது. மாதம் ஒருமுறை கூட்டம் போட்டுப் பார்த்தோம், மூன்றாம் மாதம் ஐந்து பேர்தான் வந்தார்கள். எங்கே பிழை? இளையவர்களுக்கும் இந்தப் பாதிப்பு இருக்குமா?

பீலிக்கரை:
கூட்டம் போட்டதுதான் பிழை. லயத்தில் யாரும் பேசுவதற்கென்று போனதில்லை. தண்ணி எடுக்கப் பீலிக்குப் போனால் பேச்சு. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அரிசி புடைத்தால் பக்கத்துக் காம்பராக்காரர் (அறைக்காரர்) எட்டிப் பார்ப்பார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு, மலையில் வரிசையாகக் கொழுந்தெடுக்கும் நிரை, பின்னேரம் கொழுந்து நிறுவை. வேலையும் லயமும் ஒன்றாக விட்டுப்போனால் இத்தனையும் ஒரே வீச்சில் அறுந்துவிடும். இப்போது குழாய் அடுப்படிக்குள். வெளியே வர என்ன காரணம் இருக்கிறது?

அந்தக் காரணத்தைத்தான் உண்டாக்க வேண்டும். நான்கைந்து வீட்டுக்கு ஒரு குழு, வாரம் மூன்று நாள், காலை 10 மணி. பனி விலகி வெயில் இறங்கும் நேரம். பகல் வெளிச்சம் பட்டால் இரவுத் தூக்கமும் சீராகும். கைக்கு வேலை கொடுங்கள்: கீரை ஆய்வது, மரக்கறி நாற்றுப் போடுவது. சும்மா உட்காரச் சொன்னால் "என்னத்துக்கு" என்று எழுந்துவிடுவார்கள். படிக்கட்டு ஏறும் இடம் வேண்டாம். முழங்கால் வலியால் வராமலிருப்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பை விட, பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பிடுவதற்கே ஆள் வரும். மழைக்குக் கூரையுள்ள இடமும் பார்த்து வையுங்கள்: ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர், பதுளைப் பக்கம் டிசம்பர், ஜனவரி.

மலைமுகடு:
இளையவர்களுக்கும் உண்டு. பதின்ம வயதில் கூட்டாளிகள்தான் உலகம். 5 முதல் 17 வயதுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரிவில் வீடு கட்டும்போது மட்டமான நிலத்தை முழுவதும் வீட்டுக்கே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? இருக்கும் மைதானத்திலும் பெண்பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்காவிட்டால் பையன்கள்தான் நிற்பார்கள்.

பிரசவித்த தாயை மறக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் வந்துபோகும் அழுகை பலருக்கும் உண்டு. அதைத் தாண்டி நீடித்தால் மிட்வைஃப்பிடம் சொல்லுங்கள். லயத்தில் குழந்தையை வாங்கிக்கொள்ள நாலு கை இருந்தது. பீலிக்கரை அக்கா சொன்ன குழுவில் இந்தத் தாய்மாரையும் சேர்த்தால், பெரியம்மாக்களுக்குத் தூக்கக் குழந்தை, தாய்க்கு ஒரு மணிநேர ஓய்வு.

கிளினிக்நாள்:
எல்லாவற்றையும் தனிமையின் தலையில் போட வேண்டாம். முதலில் காது. காது மந்தமானவர்களுக்குப் பலர் பேசும் இடத்தில் சொல் பிரியாது; வெட்கப்பட்டு ஒதுங்குவார்கள். ரேடியோவை நிறுத்தி, முகம் பார்த்துப் பேசுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் இதே சோர்வைத் தரும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனச்சோர்வு, பிடித்ததிலும் நாட்டமில்லை, தூக்கமோ பசியோ கெட்டது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். பத்து நாளில் "சரிவரல்ல" என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கவனியுங்கள். தனியே விடாதீர்கள், தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் போத்தல்களைப் பூட்டுங்கள், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணிநேரமும் எடுப்பார்கள்.