மாஸ்க் மாறியது, மெஷினில் இன்னும் 'நேசல்' என்றே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

அடையாறு_ஆந்தை:

அப்பாவுக்கு (68 வயது) தூக்கத்தில் மூச்சு அடைப்பதற்கு ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் சிபாப் மெஷின், அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும்). அழுத்தம் 6 முதல் 14 செ.மீ. நீர் வரை, இபிஆர் (மூச்சு விடும்போது அழுத்தத்தைக் குறைப்பது) 2, ராம்ப் (தூங்கும் வரை குறைந்த அழுத்தத்தில் ஓடுவது) ஆட்டோ. இதுவரை மூக்கு மட்டும் மூடும் நேசல் மாஸ்க். வாய் திறந்து தூங்குவதால் மூக்கையும் வாயையும் மூடும் ஃபுல் ஃபேஸுக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். வேறு கம்பெனி மாஸ்க், மீடியம் சைஸ். மாற்றி ஒரு வாரம் ஆகிறது.

மெஷினில் 'மை ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் மாஸ்க் என்ற இடத்தில் இன்னும் நேசல் என்றே நிற்கிறது. "அது சும்மா பேருக்குத்தான், தொடாதீங்க" என்கிறார் கடைக்காரர். மெஷின் பதிவைக் காட்டும் ஆஸ்கர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் பார்த்தால் கசிவுக் கோடு ராத்திரி முழுக்க நிமிடத்துக்கு 8, 10 லிட்டரில், பூஜ்ஜியத்துக்கு இறங்காமலே ஓடுகிறது. விடியற்காலை 3 மணிக்கு மேல் 30, 40 என்று குத்திக்கொண்டு எழும்புகிறது. வகையை மாற்றினால் அழுத்தமும் மாறிவிடுமா? டாக்டரைக் கேட்காமல் மாற்றலாமா? இரண்டு கசிவுக்கும் காரணம் ஒன்றேதானா?

குழாய்க்காரன்:

இரண்டும் வேறு வேறு. முதலில் அந்த செட்டிங்.

மெஷின் அழுத்தத்தை அளப்பது தன் வயிற்றுக்குள். அப்பாவின் மூக்கருகே அளப்பதற்கு அதற்கு வழி இல்லை. குழாயிலும் மாஸ்க்கின் முழங்கையிலும் (குழாய் வந்து மாட்டும் வளைவு) காற்று போகும்போது அழுத்தம் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டு, அதைச் சேர்த்துத்தான் தள்ளும். அந்தக் கணக்குக்குத்தான் பில்லோஸ் (மூக்குத் துளைகளில் பொருந்தும் சிறு மெத்தை), நேசல், ஃபுல் ஃபேஸ் என்ற மூன்று தேர்வு. பில்லோஸில் வழி குறுகல், தடை அதிகம். அதனால் ஃபுல் ஃபேஸ் மாட்டிக்கொண்டு பில்லோஸ் என்று வைத்தால் தேவைக்கு மேல் கொஞ்சம் தள்ளும். தலைகீழாக வைத்தால் கொஞ்சம் குறையும். டாக்டர் எழுதிய 6–14 அப்படியேதான் இருக்கும், அந்த அளவு மாஸ்க் வரை சரியாகப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் விஷயம். நேசலுக்கும் ஃபுல் ஃபேஸுக்கும் இதில் பெரிய வித்தியாசம் வராது, பயப்பட வேண்டாம்.

கெடுவது கசிவுக் கணக்கு. எல்லா சிபாப் மாஸ்க்கிலும் மூச்சு வெளியேற வேண்டுமென்றே விட்ட துளைகள் உண்டு. 4 செ.மீ. நீர் அழுத்தத்திலேயே அவை வழியாக நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவுக்குப் போகும், அழுத்தம் ஏற ஏற இதுவும் ஏறும். இந்த மெஷின் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும்தான் கசிவு என்று காட்டுகிறது. உங்கள் மாஸ்க்கின் துளை அது நினைப்பதைவிடப் பெரிதாக இருந்தால், கழித்தது போக எப்போதும் ஏதாவது மிஞ்சும். சிறிதாக இருந்தால் நிஜக் கசிவு இருந்தும் பூஜ்ஜியம் காட்டும். எனக்கு இரண்டாவதுதான் கவலை, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது.

மாற்றுவது எளிது. மெஷின் ஓடாதபோது மை ஆப்ஷன்ஸ், மாஸ்க், சக்கரத்தைத் திருப்பி ஃபுல் ஃபேஸ், அழுத்து. நோயாளி மாற்றுவதற்காகவே திறந்து வைத்த இடம் அது. குழாய் வகை மட்டும் டாக்டர் மெனுவில் இருக்கும். ஸ்லிம்லைன் (15 மி.மீ.) மாட்டியிருந்து அங்கே ஸ்டாண்டர்ட் என்று இருந்தால் டாக்டரிடமோ அவர் சொல்லும் டெக்னீஷியனிடமோ சொல்லி மாற்றுங்கள். சூடேறும் குழாய் என்றால் மெஷினே கண்டுகொள்ளும்.

வேறு கம்பெனி என்கிறீர்களே, அதன் கையேட்டில் அழுத்தத்துக்கு எவ்வளவு காற்று வெளியேறும் என்று ஒரு அட்டவணை இருக்கும். மெஷினில் எந்த வகை தேர்வது என்று எழுதியிருந்தால் அதன்படியே வையுங்கள், தோற்றத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். மூக்கின் அடியில் தொட்டில் போல உட்காரும் சில மாஸ்க்குகளுக்கு பில்லோஸ் என்றுதான் கையேடு சொல்லும்.

வகையை மாற்றியும் அந்த 8–10 இறங்கவில்லை என்றால் குழாயைப் பாருங்கள். மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைக் கழற்றிக் குழாய் முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுகையால் குழாய் நெடுக மெல்லத் தடவுங்கள். பெரும்பாலும் முனை ரப்பர் வளையத்தின் கழுத்தில்தான் கீறல் விழும். தண்ணீர்த் தொட்டியின் ரப்பர் விளிம்பையும் பார்க்கவும். கழுவிவிட்டுத் திரும்ப வைக்கும்போது அது மடிந்து உட்கார்ந்திருக்கும்.

மீசை_முனியாண்டி:

3 மணிக் கசிவுக்கு நான் சொல்கிறேன்.

விடியல் பக்கம் கனவுத் தூக்கம் அதிகம். தசை தளர்ந்து தொண்டை அடைக்கும், ஆட்டோசெட் அழுத்தத்தை ஏற்றும். படுக்கும்போது 6இல் பொருந்திய மாஸ்க் 12இல் பொருந்தாது. கூடவே தாடையும் தொங்கி முகமே நீளமாகிவிடும், கீழ் உதட்டுக்குக் கீழே இடைவெளி விழும். அதனால் ஃபுல் ஃபேஸுக்கு அளவு எடுக்கும்போது வாயை லேசாகத் திறக்கச் சொல்லி எடுக்க வேண்டும். வாயை மூடி அளந்து வாங்கிய மீடியம்தான் ராத்திரி லார்ஜ் கேட்கும்.

பட்டையை உட்கார்ந்தபடி இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அப்பா எப்போதும் வைக்கும் தலையணையில், எப்போதும் படுக்கும் பக்கமாகப் படுக்கட்டும். நாலு பட்டையையும் தளர்த்திவிட்டு மெஷின் மெனுவில் 'ரன் மாஸ்க் ஃபிட்' கொடுங்கள், மூன்று நிமிடம் ஊதும். ராம்பின் 4இல் பார்த்தால் எந்த மாஸ்க்கும் நல்ல மாஸ்க்தான், அதை நம்பாதீர்கள். காற்று வரும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் கனத்துக்கு முன்னால் இழுத்து மெதுவாக விடுங்கள். சிலிக்கானின் உள் இதழ் பலூன் மாதிரி உப்பி உட்காரும், அடைப்பதே அந்த உப்பல்தான். பட்டையை இறுக்கினால் உப்ப இடமில்லாமல் நசுங்கி, இன்னும் அதிகம் கசியும். பிறகு மேல் பட்டை இரண்டு பக்கமும் சமமாக, அடுத்து கீழ்ப் பட்டை. கண்ணில் காற்று அடித்தால் மேல் பட்டை, தாடையில் அடித்தால் கீழ்ப் பட்டை. திரையில் 'குட்' வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு இழுப்பு கூட வேண்டாம். மூக்குத் தண்டில் காலையில் சிவப்புத் தழும்பு இருந்தால் மேல் பட்டை அதிகம்.

கோட்டின் வடிவத்தையும் பாருங்கள். ஊசி ஊசியாக எழும்பி உடனே விழுந்தால் புரண்டு படுக்கும்போது குழாய் இழுக்கிறது, தலைமாட்டில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். மேடை மாதிரி பத்து இருபது நிமிடம் நின்றால் தாடை தொங்கல். 24 லிட்டரைத் தாண்டுவதுதான் பெரிய கசிவு. அதற்கு மேலே போனால் மூச்சுத்தடை எண்ணிக்கையையும் நம்ப முடியாது. 95 சதவீத எண் 24க்குக் கீழே என்றால், எட்டு மணி நேரத் தூக்கத்தில் 24 நிமிடம் மட்டும் அதற்கு மேல் போயிருக்கலாம் என்று பொருள்.

அப்புறம் ஒன்று, ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பட்டை வழுக்கும், சிலிக்கானும் பிசுபிசுக்கும். குஷனை (முகத்தில் படும் சிலிக்கான் பகுதி) தினமும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் வாசனையில்லாத சோப்பிலும் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். ஸ்பிரிட், டெட்டால், வெயில் எதுவும் கூடாது. மீசை அடர்த்தி என்றால் உதட்டோரம் மட்டும் கத்தரிக்கலாம், முழுதாக எடுக்கச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம்.

வெண்டிலேட்டர்_அக்கா:

தம்பி, 'வேறு கம்பெனி மாஸ்க்' என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். முழங்கை எந்த நிறம்?

ஆஸ்பத்திரி வெண்டிலேட்டருக்கான துளையில்லாத மாஸ்க்குகளும் கடையில் விலை குறைவாகக் கிடைக்கும். பெரும்பாலும் முழங்கை நீலமாக இருக்கும். அதை வீட்டு சிபாப்பில் மாட்டினால் விட்ட மூச்சு வெளியே போகாமல் குழாயிலேயே தங்கி, அதையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். கரியமில வாயு ஏறி, காலையில் தலைவலி, மந்தம், அதற்கு மேலும் ஆபத்து. மெஷின் ஓடும்போது முழங்கையருகே கையை வையுங்கள், சீராகக் காற்று பட வேண்டும். சத்தம் வருகிறது என்று அந்தத் துளையை டேப் போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஃபுல் ஃபேஸில் கரண்ட் போனால் வெளிக்காற்றை உள்ளே விட ஒரு சின்ன வால்வும் இருக்கும். கழுவும்போது அதன் மடல் கிழியாமல், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாஸ்க் வகையை நீங்களே மாற்றலாம். ஆனால் நேசலிலிருந்து ஃபுல் ஃபேஸுக்குப் போனால் சிலருக்கு அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டு வாரத்து அறிக்கையை டாக்டரிடம் காட்டுங்கள், 6–14 சரியா என்று அவர் பார்க்கட்டும்.

அடையாறு_ஆந்தை:

முழங்கை நிறமில்லாதது அக்கா, துளையில் காற்று வருகிறது. ஃபுல் ஃபேஸ் என்று மாற்றி மூன்று ராத்திரி ஆகிறது. அடிக்கோடு 8–10இலிருந்து 2, 3க்கு இறங்கியது. கடைசி இரண்டு ராத்திரி படுத்தபடி பட்டையைச் சரி செய்தோம், ஊசிகள் குறைந்துவிட்டன. 4 மணிக்கு ஒரு மேடை மட்டும் 15 நிமிடம் நிற்கிறது. லார்ஜ் குஷன் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

மீசை_முனியாண்டி:

பெரும்பாலும் கிடைக்கும். அதே மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஃபிரேம் அதேதானா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். ஆஸ்கரில் பார்க்க மெஷினின் எஸ்டி கார்டை கம்ப்யூட்டரில் போடும் முன் அதன் ஓரப் பூட்டைத் தள்ளிவிட்டீர்களா? இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதில் எதையாவது எழுதிவைக்கும். மெஷினில் திரும்பப் போடும்போது பூட்டைத் திறக்க மறந்தால் அன்றைய ராத்திரி கார்டில் பதியாது.