மே மாத சம்பளம் யாருக்கு வந்தது?

வெண்ணாறு: நேற்று குடந்தைப் பெரியவர் எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. "தற்காலிக டீச்சர்களுக்கு என்ன குறை, மே மாதம் வீட்டில் படுத்துக்கொண்டே சம்பளம்" என்கிறார். மன்னார்குடி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், மாறுதலில் போன கணக்கு டீச்சர் இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 15,000 ரூபாய்க்கு நின்றவள் நான். எல்லோரும் பெரிய வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட, எனக்கு மட்டும் தனியாக நாற்பது பக்க நோட்டு. ஏப்ரல் கடைசியில் "ஜூனில் சொல்லி அனுப்புகிறோம்மா" என்றார்கள். மே சம்பளம் எங்கே ஐயா வந்தது?

குடந்தைப் பெரியவர்: 34 வருட சர்வீஸ், அதில் 9 வருடம் தலைமையாசிரியர். சம்பள பில் போட்ட கை இது. எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு மே மாதம் வந்தது.

வெண்ணாறு: அந்தப் பையன் மேலாண்மைக் குழுவா, பகுதி நேரமா, பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கிற காசா?

குடந்தைப் பெரியவர்: அதெல்லாம் எதற்கு? வந்ததா, வந்தது.

தூரிகை: நான் பகுதி நேர ஓவிய ஆசிரியன். 2012ல் 16,549 பேரை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் என்று பெயர்; ஆள் இல்லாத வகுப்பெல்லாம் என் தலையில்தான். 2024ல் 12,500 ஆனது. அந்த வருட மே மாதமும் பூஜ்யம்தான்.

குடந்தைப் பெரியவர்: மூன்று அரை நாளுக்கு 12,500 கசக்கிறதா? என் முதல் சம்பளம் என்ன தெரியுமா?

தூரிகை: அப்போது பவுன் என்ன விலை, அதையும் சொல்லுங்கள்.

வெண்ணாறு: பவுனை விடுங்கள். மே மாதம்.

நாற்றங்கால்: பெரியவர் சொன்னால் வேதவாக்கு! 2024ல் "ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தாயிற்று என்றே வைத்துக்கொள்" என்று இங்கேதான் அடித்துச் சொன்னார். அதை நம்பி அப்பா விதைநெல்லை ஊறப்போட்டார். ஜூலை 28ல்தான் திறந்தார்கள்.

குடந்தைப் பெரியவர்: மழை பெய்யாததற்கும் நான்தான் பொறுப்பா? பேப்பர் படித்துவிட்டு விதைக்கணும் தம்பி.

நாற்றங்கால்: எங்கப்பாவுக்கு நீங்கள் விவசாயம் சொல்லித்தர வேண்டாம்.

குடந்தைப் பெரியவர்: சரி, அந்தம்மா டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸா? அதைச் சொல்லட்டும்.

வெண்ணாறு: 150க்கு 97. பொதுப் பிரிவுக்கே பாஸ் 90. போதுமா? பாஸ் பண்ணியும் நாற்பது பக்க நோட்டுதான். இந்தத் தேர்வெல்லாம் இல்லாத காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்னைக் கேட்கிறார், நல்ல கூத்து. பேச்சை மாற்றாதீர்கள். அந்தப் பையனின் பாஸ்புக்கில் மே மாதப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பெயரை மறைத்துக்கொள்ளுங்கள்.

குடந்தைப் பெரியவர்: பையன் திருப்பூர் போய்விட்டான்.

தூரிகை: மே மாத சம்பளம் வாங்கிக்கொண்டா?

நீடா தம்பி: இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளியில் தமிழுக்குத் தற்காலிகமாக ஆள் கேட்கிறார்களாம். அக்காவுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். போகலாமா?

வெண்ணாறு: போகட்டும் தம்பி. சேருகிற அன்றே மே மாதத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குடந்தைப் பெரியவர்: எழுதி வாங்க என்ன இருக்கிறது? வரும்.