ரோல்பிளேயிங் கேம் சேகரிப்பு: எது பொக்கிஷம், எதை முதலில் காப்பாற்றுவது?

இருபதுமுகன்:
வணக்கம் நண்பர்களே. 1970, 80-களைச் சேர்ந்த டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுவது) சேகரிப்பு ஒன்று மொத்தமாகக் கைக்கு வந்திருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பாக்ஸ் செட்கள், கெட்டி அட்டைப் புத்தகங்கள், மாட்யூல்கள் (ஆட்டத்துக்கான ஆயத்தக் கதைப் புத்தகங்கள்), ஈய மினியேச்சர்கள் (சிறு உருவப் பொம்மைகள்), பகடைகள், பென்சிலால் நிரப்பிய கேரக்டர் ஷீட்கள் (கதாபாத்திர விவரத் தாள்கள்), கட்டத்தாளில் வரைந்த குகை வரைபடங்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எதைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

பழம்பெட்டி:
முதலில் எந்த அச்சு என்று பாருங்கள். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் அச்சு மாறினால் மதிப்பு மலைக்கும் மடுவுக்கும் போய்விடும்.

1974-ல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டி மரவரித் தாள் ஒட்டியது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1000 பிரதிகள்தான். வெள்ளைப் பெட்டி பிறகு வந்தது. உங்களிடம் இருப்பது வெள்ளை என்றால் உள்ளே ‘ஹாபிட்’, ‘பால்ராக்’ என்ற பெயர்களைத் தேடுங்கள். டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர்கள் ஆட்சேபித்ததால் பிந்தைய அச்சுகளில் அவை நீங்கிவிட்டன. இருந்தால் முந்தைய அச்சு.

1980-ல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலுக்குப் பக்கம் எண்ணினாலே போதும். 144 என்றால், வேறு எழுத்தாளர்களின் கதைகளிலிருந்து எடுத்த கதுலு, மெல்னிபோனே பகுதிகள் உள்ள பதிப்பு. 128 என்றால் அவை இல்லாதது. பி3 என்று குறியிட்ட மாட்யூலின் அட்டை ஆரஞ்சு நிறமா என்றும் பாருங்கள். 1981-ல் அந்த அட்டையோடு அச்சானது திரும்பப் பெறப்பட்டு, திருத்தி எழுதிய பச்சை அட்டைப் பதிப்பு வந்தது. பரவலாகக் கிடைப்பது பச்சைதான்.

இன்னொன்று: 1977-ன் நீலப் புத்தக பேசிக் செட்டில் (தொடக்கநிலைப் பெட்டி) பகடை இல்லையென்றால் தொலைந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். பகடைத் தட்டுப்பாடு வந்தபோது அதற்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து விற்றார்கள். வெட்டப்படாத தாளாக அது இருந்தால் கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள்!

ஈயவீரன்:
நான் மினியேச்சரில்தான் தொடங்குவேன். புத்தகம் காத்திருக்கும், ஈயம் காத்திருக்காது.

லென்ஸ் வைத்து ஒவ்வொன்றின் காலடி, கவச மடிப்பு, முகம் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளையாக மாவு படிந்திருந்தால் அது தூசி அல்ல, ஈயம் அரிபடுகிறது. ஓக் மரம், எம்டிஎஃப் பலகை, மலிவான அட்டைப்பெட்டி, சில பசைகள் ஆகியவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவிதான் காரணம். மூடிய அலமாரியில் வேகம் கூடும். ஒன்றில் கண்டால் அதே பெட்டியில் உள்ள அனைத்தையும் வெளியே எடுங்கள்.

அந்தப் பொடி நச்சு. ஊதக் கூடாது, உலர்ந்த பிரஷால் தட்டக் கூடாது. கையுறை, முகக்கவசம் அணிந்து ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். சிலர் வினிகரில் ஊறவைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், நோய்க்குக் காரணமான அமிலமே அதுதான். பிறகு பாலிபுரோப்பிலீன் டப்பாவில், பாலிஎத்திலீன் நுரை வைத்து அடுக்குங்கள். அரித்துப் போன மூக்கும் விரலும் திரும்ப வராது. மேலே வார்னிஷ் பூசினாலும் அடியில் அரிப்பு மிச்சமிருந்தால் பெயிண்டோடு உரிந்துவரும்.

பழைய பகடைகளில் எண்களுக்குள் மெழுகு க்ரேயான் தேய்த்திருக்கும். அந்தக் கால இருபது முகப் பகடையில் 0 முதல் 9 வரை இரண்டு முறை வரும். எந்தப் பாதி 11-20 என்று தெரிவதற்கு வேறு நிறம் பூசுவார்கள். அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

வரைபடப்பித்தன்:
இருவர் சொன்னதும் சரிதான், ஆனால் பொக்கிஷம் எதுவென்று கேட்டால் என் பதில் அந்தப் பென்சில் ஷீட்களும் கட்டத்தாள்களும். மரவரிப் பெட்டிகூட இன்னொன்று உலகில் எங்கோ இருக்கும். ஹிட் பாயிண்ட் (கதாபாத்திரத்தின் உயிர்ப்புள்ளி) கட்டத்தில் அழித்து அழித்துத் தாள் நைந்துபோன ஷீட் ஒன்றே ஒன்றுதான். ஒரு கேம்பெயின் (பல அமர்வுகளாக நீளும் ஆட்டம்) எப்படி நடந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அது. விலை போகாது என்று தூக்கிப் போடுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஸ்டேப்பிள், குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள். 600 டிபிஐயில், வண்ணத்தில், இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். கருப்பு வெள்ளையில் செய்தால் அழித்த தடம் தெரியாது. பென்சில் வெளிறாது, உரசினால்தான் போகும். ஆகவே இரு தாள்களுக்கு நடுவே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது வெளிச்சத்தில் மங்கும், சட்டம் போட்டு மாட்ட வேண்டாம்.

இருபதுமுகன்:
மிக்க நன்றி. ஷீட்களை லேமினேட் செய்யலாமா? மாட்யூல்கள் இப்போது மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன.

பழம்பெட்டி:
லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய படலத்தைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். மெத்தென்ற உறை பெரும்பாலும் பிவிசி. அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து அட்டையின் மையைப் பிடித்துக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைக்கு மாற்றி, பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று செருகுங்கள். முதல்கால மாட்யூல்களில் அட்டை தனி, புத்தகம் தனி. வரைபடம் அட்டையின் உட்புறம் இருக்கும். இரண்டையும் பிரியாமல் ஒரே உறையில் போடுங்கள்.

1985-ன் ‘அனெர்த்ட் ஆர்க்கானா’ விதிநூல் இருந்தால் விரித்துப் படுக்க வைக்காதீர்கள். அதன் பைண்டிங் பேர்போனது, பக்கம் கொத்தாகக் கழன்றுவிடும். மூலை பிய்ந்த பெட்டிகளுக்கு செலோ டேப் போடாமல், ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் வைத்து உட்புறமாக ஒட்டுங்கள். பெட்டிமேல் பெட்டி அடுக்குவதாக இருந்தால் உள்ளே காலியிடத்தை அமிலமற்ற தாளால் நிரப்பிவிடுங்கள், இல்லையேல் மூடி அமுங்கிவிடும்.