மறு: 'குரூசர்-ரேசர்' படகுக்குத் தமிழ்ச்சொல்

> 'உலாப்பந்தயப் படகு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் தலைகீழாகிவிடுமோ என்று தயங்குகிறேன். 'குரூசர்-ரேசர்' என்றால் பயணத்துக்கென்று கட்டி, பந்தயத்திலும் விட முடிகிற பாய்மரப் படகு. 'ரேசர்-குரூசர்' என்றால் அடிப்படையில் பந்தயப் படகு; உள்ளே படுக்கை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஆங்கிலப் பெயர்களில் முன்சொல்லுக்குத்தான் கனம். தமிழில் கனம் பின்னால் போய் உட்காரும். மாட்டுவண்டி ஒரு வண்டி, வண்டிமாடு ஒரு மாடு. அதே வரிசையில் பெயர்த்தால் பயணப் படகு கேட்டு வந்தவர் கையில் பந்தயப் படகைக் கொடுத்துவிடுவோம்.

வரிசை அவ்வளவு முக்கியமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குகிறவருக்கு முக்கியம். 1970களில் ராட் ஜான்ஸ்டோன் வடிவமைத்த ஜே/24 என்ற பாய்மரப் படகைப் பாருங்கள். 24 அடி நீளம், எடை சுமார் 1,400 கிலோ. படுக்கை உண்டு, ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஏரா (அதாவது கீல், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) நீருக்குள் 4 அடி இறங்கி நிற்கும், தூக்க முடியாது. கேட்டலினா 22 என்ற இன்னொரு படகில் ஏராவைத் தூக்கிக்கொள்ளும் வகை உண்டு. ஆழமில்லாத துறையிலும் நுழையலாம். அதற்கும் தனிப் பந்தயங்கள் நடக்கின்றன. இரண்டும் இரண்டு வேலையும் செய்யும், ஆனால் ஒரே சாதி இல்லை: முன்னதில் பந்தயத்துக்குக் கனம், பின்னதில் பயணத்துக்கு.

எடையிலும் இதே கதைதான். தண்ணீர், அடுப்பு, நங்கூரச் சங்கிலி, நாலு நாள் சாப்பாடு என்று 200 கிலோ ஏற்றினால் ஜே/24 போன்ற படகுக்கு அது ஏழில் ஒரு பங்கு. மெல்லிய காற்றில் துள்ளல் போய்விடும். நல்ல காற்று அடித்தால் வித்தியாசம் குறையும். நீர்க்கோட்டில், அதாவது தண்ணீர் மட்டத்தில், 20 அடி நீளம் உள்ள படகு நீர்மேல் வழுக்காமல் நீரை ஒதுக்கிக்கொண்டு போகிறவரை, கனமோ இலேசோ, 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கி.மீ.) வேகத்திலேயே முட்டிக்கொள்ளும்.

அப்புறம் 'உலா'. மாலையில் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புவதுதான் உலா. குரூசிங் அப்படியல்ல, படகிலேயே சமைத்து, உறங்கி, துறை துறையாகப் போவது. முன்பு பரிந்துரையாக வந்த 'தங்கற்படகு' என்ற சொல் படகுவீட்டை நினைவூட்டுகிறது. எனக்குப் 'பயணப்படகு' போதும்.

அப்படியானால் குரூசர்-ரேசர் 'பந்தயப் பயணப்படகு'. மற்றதைப் 'பயணப் பந்தயப்படகு' என்றால் நாக்கும் குழம்பும், வாசகரும் குழம்புவார். அதற்குப் 'படுக்கைப் பந்தயப்படகு' என்று வைக்கலாம். சிரிக்காதீர்கள், இருப்பதைத்தான் சொல்கிறது.

இடையில் ஒன்று: பந்தயத்தில் வரும் 'ஹேண்டிகேப்'பை ஊனத்தோடு இணைக்க வேண்டாம். வெவ்வேறு படகுகள் ஒன்றாக ஓடும்போது மெதுவான படகுக்குக் கழித்துக் கொடுக்கும் நேரம் அது. மைலுக்கு 30 வினாடி என்றால் 10 மைலில் 5 நிமிடம். 'நேரச்சலுகை' என்றாலே புரியும்.

கீலுக்கு 'ஏரா' என்ற பழைய சொல் இருக்கும்போது 'அடித்தகடு' எதற்கு? தூக்குகிற கீலுக்கு 'தூக்கு ஏரா' சரியாக இருக்குமா, 'மடக்கு ஏரா'வா? ஏராத் தகடு ஒரு முளையில் சுழன்று படகுக்குள்ளே போவதால் எனக்கு இரண்டாவது பிடிக்கிறது. படகு ஓட்டுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.