‘பைனரி’ என்ற சொல்லை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

உட்லண்ட்ஸ் அப்பா:
ஜூன் விடுமுறையில் நண்பர் ஒருவர் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு எங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு வந்தார். இரவு ஒன்பது மணி. உயர்நிலை மூன்றில் கம்ப்யூட்டிங் படிக்கும் மகளும் கூட வந்தாள்.

வடக்கே சப்தரிஷி மண்டலம் தாழ்வாகத் தெரிந்தது. அதன் வால் நடுவில் வசிட்டர். விளக்கு வெளிச்சத்தில் அருந்ததி கண்ணுக்கே படவில்லை. தொலைநோக்கியில் பார்த்தால், அருந்ததி தள்ளி நிற்க, வசிட்டரே இரண்டாக இருக்கிறார்! வெள்ளையாக ஒரு புள்ளி, அதை ஒட்டினாற்போல் மங்கலாக இன்னொன்று. “இதுதான் பைனரி ஸ்டார்” என்றார் நண்பர்.

மகள் உடனே, “அப்பா, அப்படின்னா இதுல எது ஜீரோ, எது ஒண்ணு?” என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப் போனது. இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். கம்ப்யூட்டிங்கில் பைனரி என்று சொல்லும் இரும எண்ணில் ஓர் இடத்தில் 0 இருக்கும், இல்லையென்றால் 1 இருக்கும். ஒன்று வந்தால் மற்றதற்கு அங்கே இடமில்லை. இரட்டை விண்மீனிலோ இரண்டும் சேர்ந்து இருந்தாக வேண்டும். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பொதுவான ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. 1802இல் வில்லியம் ஹெர்ஷல் இந்தப் பெயரை வைத்ததே அந்தப் பிணைப்புக்காகத்தான். ஒரே திசையில் இருப்பதால் மட்டும் பக்கத்தில் தெரிகிற சோடிகளை அவர் இதில் சேர்க்கவில்லை.

அதே இரவு தெற்கே திரும்பி ஆல்ஃபா சென்டாரி என்ற விண்மீனையும் பார்த்தோம். அங்கேயும் இரண்டு. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 80 ஆண்டு. நான் பிறந்தபோது தொடங்கிய சுற்று இன்னும் முடியவில்லை என்றதும் மகள் மறுபடி போய்க் கண்ணை வைத்தாள்.

ஈசூன் தமிழாசிரியை:
நான் சந்தித்தது யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், சார். துணைப்பாட வகுப்பில் நேர், நிரை என்ற இரண்டு வகை அசைகளைச் சொன்னாலே பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். ஒருநாள் நேருக்கு 0, நிரைக்கு 1 என்று பலகையில் எழுதினேன். இரண்டு அசை சேர்ந்த சீர்கள்: தேமா 00, புளிமா 10, கூவிளம் 01, கருவிளம் 11. ஈரசைச் சீர் ஏன் நான்கோடு நின்றுவிடுகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. மூவசைக்கு எட்டு என்று அவர்களே எழுதிக் கண்டுபிடித்தார்கள்: காய் நான்கு, கனி நான்கு. நாலசைக்கு எத்தனை என்று கேட்டேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், பலகையைப் பார்க்காமலே “பதினாறு” என்றான்.